செக்புக் யார் வீட்டில் இருக்கிறது? மகளிர் அமைப்புகளில் தலைமையைப் பகிர ஒரு முழுமையான வழிகாட்டி

பேனரில் தலைவியின் படம் இருக்கிறது. தீர்மானத்தில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான். ஆனால் செக்புக் ஊர்த்தெருவில் செயலாளர் வீட்டுப் பீரோவில் கிடக்கிறது. கூட்டத் தேதியைப் பொருளாளரின் கணவர் முடிவு செய்கிறார், வங்கி மேலாளர் போன் செய்வதும் அவருக்குத்தான். தலைவி பட்டியலினத்துப் பெண் என்பதை வைத்து, ஆண்டறிக்கை இந்தக் கூட்டமைப்பைச் சமத்துவத்துக்கு எடுத்துக்காட்டு என்று எழுதும்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கின. இன்று குழு இல்லாத ஊரைப் பார்ப்பது அரிது. பெண்களைக் கூட்டுவது எப்படி என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. கூடிய பெண்களுக்குள் சாதி, கணவன் இல்லாத நிலை, உடல் குறைபாடு, கூலி வேலை ஆகியவை அதிகாரத்தை எப்படிப் பிரிக்கின்றன என்பதைத்தான் பெரும்பாலான அமைப்புகள் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும் முறைக்குத்தான் குறுக்குவெட்டுப் பெண்ணியம் என்று பெயர். பதவிப் பட்டியலை மாற்றினால் போதாது. பணம், பதிவேடு, இடம், நேரம் ஆகியவை யார் கையில் இருக்கின்றன என்பதை மாற்ற வேண்டும். அதைச் செய்யும் வழி இங்கே. பல குழுக்கள் சேர்ந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்பை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், தொண்டு நிறுவனமோ தொழிற்சங்கமோ நடத்துபவர்களும் சிறு மாற்றங்களோடு பின்பற்றலாம். முழுதாகச் செய்ய ஓர் ஆண்டு பிடிக்கும். மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்லும் திட்ட அலுவலர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 1: ஓர் ஆண்டுப் பதிவேடுகளை எடுத்து எண்ணுங்கள்

முதல் இரண்டு மாதம் எதையும் மாற்ற வேண்டாம். கடந்த 12 மாதத் தீர்மானப் புத்தகம், பாஸ்புக், கடன் பதிவேடு, பயிற்சிக்குப் போனவர்கள் பட்டியல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், பணம் எடுக்கக் கையெழுத்திட்டவர் யார் என்று குறியுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் கேட்ட தேதி, கிடைத்த தேதி, கேட்ட தொகை, கிடைத்த தொகை என நான்கு கட்டம் போடுங்கள். வெளியூர்ப் பயிற்சிகளுக்குத் திரும்பத் திரும்ப ஒரே மூன்று பேர் போயிருப்பது இந்தப் பட்டியலில் உடனே தெரியும்.

அடுத்ததுதான் முக்கியம். எண்ணும்போது ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து எண்ணாதீர்கள், இரண்டைச் சேர்த்து எண்ணுங்கள். 12 குழுக்கள், 168 உறுப்பினர்கள் உள்ள ஒரு கூட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். பட்டியலினப் பெண்கள் 60 பேர், கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் 40 பேர். 15 பேர் செயற்குழுவில் பட்டியலினத்தவர் 5 பேர், தனித்து வாழும் பெண்கள் 4 பேர். இரண்டு விகிதமும் சரியாகவே தெரிகின்றன. இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பட்டியலினத்தில் பிறந்து தனித்தும் வாழும் பெண்கள் 22 பேர் இருக்கிறார்கள். செயற்குழுவில் இருவராவது இருக்க வேண்டும், ஒருவர்கூட இல்லை. அவசரக் கடனுக்கு அதிகம் அலைபவர்கள் அந்த 22 பேர்தான்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் நடந்ததும் இதுவே. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, அவர்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது; அவர்கள் ஆண்கள். இனத்தையும் பாலினத்தையும் சேர்த்து ஒரே பாகுபாடாகப் பார்க்க முடியாது என்று 1976இல் நீதிமன்றம் சொன்னது. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்தத் தீர்ப்பை அலசித்தான் குறுக்குவெட்டு என்ற கருத்துக்கு வடிவம் கொடுத்தார்.

சாதியைக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி எண்ணக் கூடாது. தனித்தனியாகச் சீட்டுக் கொடுத்து, அவரவர் விரும்பினால் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்கு அவரே தேர்ந்தெடுக்கும் ஒருவர் எழுதட்டும். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். எந்த எண் யாருடையது என்ற தாள் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும், எண்ணி முடித்ததும் அதைக் கிழித்துவிட வேண்டும். ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணிக்கையைப் பொதுவில் வாசிக்காதீர்கள், யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அட்டவணையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது இந்த வேலையைக் கெடுக்கும் மிக எளிய வழி.

படி 2: இடம், நேரம், டீ

அற்பமாகத் தெரியும். ஆனால் பாதிப் பேர் வராமல் போவது இதில்தான்.

கோயில் மண்டபம், நாட்டாமை வீட்டுத் திண்ணை, யாருடைய வீட்டு மாடி ஆனாலும் வேண்டாம். அங்கன்வாடி, பள்ளி, ஊராட்சிக் கட்டடம் பரவாயில்லை, தரைத்தளமாக இருந்தால் இன்னும் நல்லது. கூட்டத்தைத் தெருவுக்குத் தெரு சுழற்றுங்கள். காலனியில் கூட்டம் வைக்கும் மாதம் ஊர்த்தெருவிலிருந்து யார் யாருக்குத் தலைவலி வருகிறது, வந்தவர்களில் யார் தண்ணீர் குடிக்காமல் போகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் அமைப்பின் உண்மை நிலவரம் அதில் தெரிந்துவிடும்.

உட்காருவதில் விதி ஒன்றே ஒன்று: எல்லாருக்கும் நாற்காலி, அல்லது எல்லாரும் பாயில். "பெரியவங்க மேல உக்காரட்டும்" என்று தொடங்கினால் போதும், வயது மெல்லச் சாதியாக மாறிவிடும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியலினப் பெண் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்திருந்த படம் வெளியானது. சட்டப்படி தலைவர், நடைமுறையில் நாற்காலி இல்லை. டீ போடுவதும் டம்ளர் கழுவுவதும் பெயர் எழுதிய முறைப்படி நடக்க வேண்டும், தலைவியின் பெயரும் அதில் இருக்க வேண்டும். பேப்பர் கப் வாங்கினால் டம்ளர் பிரச்சினை தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது, கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான்.

நேரத்தைத் தலைமைக்கு வசதியாக வைப்பதே வழக்கம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறவர், கைக்குழந்தைக்காரர் என்று மூவரைத் தனித்தனியாகக் கேட்டு, மூவருக்கும் ஒத்துவரும் நேரத்தை வையுங்கள். இரவு ஏழுக்கு வைத்தால் கடைசித் தெருக்காரர்கள் திரும்பிப் போக ஷேர் ஆட்டோவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பயணப்படியைக் கூட்டம் முடிந்ததும் கையிலேயே கொடுங்கள். பில் கொடுத்து அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்றால், கையில் ஐம்பது ரூபாய் இல்லாதவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். அவர் காரணம் சொல்லவும் மாட்டார், "ஆர்வம் இல்ல" என்று மற்றவர்கள் எழுதிவிடுவார்கள்.

காது கேளாத உறுப்பினர் இருந்தால் சைகை மொழி தெரிந்தவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அவருடைய பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அம்மாவின் கடன் விவரம் பிள்ளை வழியாக ஊருக்குப் போய்விடும். மாற்றுத்திறனாளிகள் மட்டும் சேர்ந்து குழு அமைப்பதானால், தேசிய ஊரக வாழ்வாதார இயக்க விதிப்படி 5 பேர் போதும். ஆனால் தனிக்குழு அமைத்த பிறகு அவர்களைக் கூட்டமைப்பின் செயற்குழுவுக்குக் கொண்டுவராமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. திருநங்கையர் குழுக்களுக்கும் இதே நிலைதான்.

படி 3: பேசும் வரிசையும் தீர்மானப் புத்தகமும்

கூட்டம் 90 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். கடைசியாகச் சேர்ந்த குழுவும் தூரத்துத் தெருவும் முதலில் பேச வேண்டும், பொறுப்பாளர்கள் கடைசியில். இந்த ஒரு மாற்றமே முதல் இரண்டு கூட்டத்தில் பெரிய மௌனத்தைக் கொண்டுவரும். "நீங்களே சொல்லுங்கக்கா" என்பார்கள். அக்கா சொல்லக் கூடாது. இரண்டிரண்டு பேராக ஐந்து நிமிடம் தங்களுக்குள் பேசவிட்டு, பிறகு பக்கத்தில் இருப்பவர் சொன்னதைச் சொல்லச் சொன்னால் பேச்சு வரும். தன் கருத்தாகச் சொல்லப் பயப்படுகிறவர் அடுத்தவர் கருத்தைத் தயங்காமல் சொல்வார்.

தீர்மானத்தை எழுதி முடித்ததும் உரக்க வாசிக்க வேண்டும், வாசித்த பிறகுதான் கையெழுத்தும் கைரேகையும். வெற்றுத் தாளிலோ "பிறகு எழுதிக்கலாம்" என்று விட்ட பக்கத்திலோ ஒருவரும் கையெழுத்திடக் கூடாது. இது கறாரான விதி, ஒரு முறைகூட விலக்கு வேண்டாம். கூட்டமைப்புகளில் நடக்கும் பண மோசடிகள் பலவும் இந்த வெற்றுப் பக்கத்தில்தான் தொடங்குகின்றன. மாட்டிக்கொள்பவர் எழுதியவர் அல்ல, கையெழுத்திட்டவர். படிக்கத் தெரியாத தலைவிமேல் பழி விழுவது இப்படித்தான்.

படிக்கத் தெரியாதவர் தலைவியாக இருக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கணக்கு எழுத ஊதியத்துக்கு ஒரு பெண்ணை வையுங்கள். அவர் தலைவியின் உறவினராகவோ செயலாளரின் மருமகளாகவோ இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை பாஸ்புக்கை வேறொரு குழுவின் பெண் வந்து தலைவிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்தறிவை வைத்துப் பதவியைக் கொடுத்தால், ஒரு தலைமுறைக்கு முன் யாரைப் பள்ளிக்கு அனுப்பினார்களோ அவர்களிடமே பதவி போய்ச் சேரும்.

படி 4: பதவியைப் பிரியுங்கள், சாவியையும் பிரியுங்கள்

2006 வரை மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும், பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி ஒன்று நிரம்பாமலே கிடந்தது, அல்லது ஆதிக்கச் சாதியினர் நிறுத்திய ஒருவர் வென்ற கையோடு ராஜினாமா செய்தார். ஒதுக்கீடு சட்டத்தில் இருந்தது, அதைத் தாங்கும் ஏற்பாடு ஊரில் இல்லை. உங்கள் அமைப்பிலும் ஒதுக்கீடு மட்டும் செய்தால் இதன் சிறு வடிவம் நடக்கும். ராஜினாமா இருக்காது, கையெழுத்துப் போடும் பொம்மையாக மூன்று ஆண்டு ஓடும்.

செய்ய வேண்டியவை:

- வங்கிக் கணக்குக்கு மூன்று கையெழுத்தாளர்கள், அவர்களில் எந்த இருவரும் பணம் எடுக்கலாம். மூவரும் வெவ்வேறு தெரு, உறவினர் கூடாது. மாற்றும்போது தீர்மான நகல், புதியவர்களின் ஆதார், படம், மாதிரிக் கையெழுத்து ஆகியவற்றோடு பழையவர், புதியவர் எல்லாரும் ஒன்றாக வங்கிக்குப் போக வேண்டும். மேலாளர் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிய வேண்டும்.
- செக்புக், பாஸ்புக், சீல் மூன்றும் மூன்று வீட்டில்.
- ஒரே நாளில் எல்லாப் பொறுப்பாளர்களையும் மாற்றாதீர்கள். ஆண்டுக்குப் பாதிப் பேர். வரப்போகிறவர் ஆறு மாதம் கூடவே இருந்து வேலை பழக வேண்டும், அந்த ஆறு மாதத்துக்கும் படித்தொகை உண்டு.
- எந்தப் பிரிவிலிருந்தும் ஒரே ஒருவரைச் செயற்குழுவில் வைக்காதீர்கள், குறைந்தது இருவர். ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவர் எதிர்த்துப் பேசினால் "அவங்க எப்பவும் இப்படித்தான்" என்பார்கள். இருவர் பேசினால் கருத்தாகிவிடும்.
- கணவர், மகன், தம்பி யாரும் கூட்ட அறைக்குள் வரக் கூடாது. "வண்டில கொண்டாந்து விட்டேன், அப்படியே உக்காந்தேன்" என்பவருக்கும் சேர்த்துத்தான்.

திருநங்கை ஒருவர் கையெழுத்தாளராக வரும்போது, ஆதாரில் ஒரு பெயரும் குழுப் பதிவில் வேறு பெயரும் இருப்பதால் வங்கி திருப்பி அனுப்பக்கூடும். 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழை வைத்துப் பெயரையும் பாலினத்தையும் ஆவணங்களில் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் தேர்தலுக்குப் பிறகு அலையாமல் முன்னதாகவே கூட்டமைப்பு உதவ வேண்டும்.

ஊதியம் பற்றி ஒரு வார்த்தை. "சேவை" என்று சொல்லிப் பதவிக்குப் படி கொடுக்காத அமைப்பில், கூலி போனால் அடுப்பு எரியாத பெண் ஒருபோதும் பொறுப்புக்கு வர முடியாது. வந்தாலும் நிற்க முடியாது. கூட்ட நாளுக்கு உங்கள் ஊரின் ஒரு நாள் கூலியைக் கொடுங்கள். இதற்குப் பணம் இல்லை என்று சொல்லும் அமைப்பின் ஆண்டுவிழா பந்தல் செலவை எடுத்துப் பாருங்கள்.

படி 5: கடன் வரிசையை எழுதி ஒட்டுங்கள்

யாருக்கு முதலில் என்பதைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்தால், சத்தமாகப் பேசுகிறவருக்கே கிடைக்கும். மருத்துவம், பள்ளிக் கட்டணம், வட்டிக்காரரிடம் அடகு என அவசர வகைகளை முன்பே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வகைக்குள்ளும் கேட்ட தேதிதான் வரிசை. தவணை தவறியவரிடம் போகும் முறையும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊர்த்தெருவில் ஒருத்தர் கட்டாவிட்டால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதும், காலனியில் கட்டாவிட்டால் பத்துப் பேராகப் போய் வாசலில் நிற்பதும் பல இடங்களில் நடப்பதுதான். பதிவேட்டில் இந்த வித்தியாசம் வராது. வசூலுக்கு யார் யார் போனார்கள், எத்தனை பேர் என்று எழுத ஒரு கட்டம் சேர்த்தால் வரும்.

படி 6: புகார் வழி

1992இல் ராஜஸ்தானில், அரசுத் திட்டத்தில் ஊழியராக இருந்த பன்வாரி தேவி ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் குயவர் சாதியைச் சேர்ந்தவர், குற்றம்சாட்டப்பட்டவர்கள் அங்கே ஆதிக்கம் உள்ள சாதியினர். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களைப் பாலியல் வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்தக் கொடுமையை அடிப்படையாக வைத்துத்தான் 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகளும், பிறகு 2013ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. பணியிடப் பாலியல் தொல்லைக்கு வழி கிடைத்தது, சாதியைப் பற்றிய பாதி வெளியே நின்றுவிட்டது. உங்கள் அமைப்பு அந்தப் பாதியைத் தானாகச் சேர்க்க வேண்டும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த அமைப்பிலும் உள்புகார்க் குழு கட்டாயம். தலைமை மூத்த பெண் ஊழியர், ஊழியர்களில் இருவராவது, வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதியாவது பெண்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம். எழுத முடியாதவருக்கு எழுதித் தருவது குழுவின் சட்டக் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசம் என்பது புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே, பணம் கொடுத்து முடிப்பது கூடவே கூடாது. 10 பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்பவர்களும் வீட்டு வேலைத் தொழிலாளர்களும் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம்.

அந்த உள்ளூர்க் குழுவின் நியமன உறுப்பினர்களில் ஒரு பெண்ணாவது பட்டியலினம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லது சிறுபான்மையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நிறுவனங்களின் உள்புகார்க் குழுவுக்கு அப்படிச் சொல்லவில்லை. சொல்லாத இடத்தை நீங்களே துணைவிதியில் எழுதுங்கள்: பட்டியலினம் அல்லது பழங்குடிப் பெண்கள் இருவர், வெளி உறுப்பினர் தலைமையின் நண்பராக இருக்கக் கூடாது. புகார்ப் படிவத்தில் "சாதியைச் சொல்லி ஏதாவது பேசினார்களா, செய்தார்களா" என்ற கேள்வியைத் தனியாக வையுங்கள். கேட்காவிட்டால் பலர் சொல்ல மாட்டார்கள். 'ஆமாம்' என்றால், அது பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரக்கூடும். அந்த வழக்குகளை டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். உங்கள் குழு அதைப் "பேசி முடிக்க" முயலக் கூடாது. அவருக்குத் துணைக்கு ஆள் அனுப்புவது, அவர் வேலையும் கடனும் பாதிக்காமல் பார்ப்பது, இவைதான் உங்கள் வேலை.

இரண்டையும் சேர்த்த ஏற்பாட்டுக்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண்ணை அவருடைய மேற்பார்வையாளர் கொன்றார். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் நடத்திய போராட்டத்தின் விளைவாக 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலின வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்ததும், தொழிலாளர்களில் இருந்தே தளக் கண்காணிப்பாளர்களை வைத்ததும், ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தியதும் அதன் பலம். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நடுவில் உள்ளதை: 20, 25 பேருக்கு ஒருவர் என்று, கூடவே வேலை பார்க்கும் பெண்ணைப் புகார் கேட்கும் ஆளாக வையுங்கள். அலுவலகத்துக்கு ஏறி வந்து சொல்லாதவர் இடைவேளையில் சொல்வார்.

படி 7: எதிர்ப்பு வரும்போது

முதல் எதிர்ப்பு மென்மையாக வரும். "நாம எல்லாரும் பொம்பளைங்கதானே, எதுக்குச் சாதி பேசணும்?" இதற்குக் கொள்கை விளக்கம் தர வேண்டாம். படி 1 அட்டவணையை எடுத்து, கடனுக்குச் சராசரியாக எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதைத் தெருவாரியாக வாசியுங்கள், பெயர் வேண்டாம்.

அடுத்த எதிர்ப்பு வீட்டிலிருந்து வரும். காலனிக் கூட்டத்துக்குப் போன ஊர்த்தெருப் பெண்ணுக்கு மாமியார் வீட்டில் கேள்வி வரும், சில வீடுகளில் அடியும் விழும். அவரை மேல்சாதிக்காரி என்று மட்டும் பார்த்து விட்டுவிட்டால் அமைப்பு உடையும். அவருக்கு உடனடியாக இருவர் துணை, மகளிர் உதவி எண் 181, தேவைப்பட்டால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு என்று ஏற்பாடு இருக்க வேண்டும். ஆதிக்கச் சாதிப் பெண்ணும் அவர் வீட்டில் அதிகாரமற்றவராக இருக்கலாம், அதே பெண் கூட்டத்தில் அதிகாரம் செலுத்தவும் செய்யலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கப் பழகுவதுதான் இந்த வேலையிலேயே கடினமானது.

மூன்றாவது, வெற்றிக்குப் பின் வரும் உடைப்பு. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில், பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் பெண்கள், ஆண்கள் நடத்திய எல்லாத் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவிட்டுத் தாங்களே திரண்டு 20 சதவீதம் போனஸ் வாங்கினார்கள். பெம்பிளை ஒருமை என்ற அந்த இயக்கம் சிறிது காலத்திலேயே பிளவுபட்டது. திடீரென்று முன்னுக்கு வரும் இயக்கத்தில் ஊடகம் இரண்டொரு முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிடும், கட்சிகள் அந்த முகங்களைத் தனித்தனியாக அணுகும். அதனால் வெற்றிக்கு முன்பே விதி எழுதி வையுங்கள்: பத்திரிகைக்காரரிடம் எப்போதும் இருவராகப் பேசுவது, மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவது, வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பையும் அடுத்த கூட்டத்தில் சொல்வது.

படி 8: பன்னிரண்டாம் மாதம்

அதே பதிவேடுகளை எடுத்து அதே அட்டவணையைத் திரும்பப் போடுங்கள். இம்முறை ஒரு கட்டம் கூடுதலாக: சம்பளமில்லாத வேலையை யார் செய்தார்கள்? மனு எழுதுவது, மருத்துவமனைக்குத் துணை போவது, சண்டை தீர்ப்பது. பல அமைப்புகளில் தலைமை சுழன்ற பிறகு, புதிதாக வந்த பட்டியலினப் பெண்கள்மேல் இந்த வேலை முழுதும் வந்து விழும்; ஒரு ஆண்டில் களைத்துப்போய் விலகுவார்கள். விலகினால் "பாத்தீங்களா, அவங்களால முடியல" என்ற பேச்சும் தயாராக இருக்கும். அந்தக் கட்டத்தில் ஒரே பெயர் மூன்று முறைக்கு மேல் வந்தால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள், அல்லது படி கொடுங்கள்.

விலகிப் போகும் பழைய பொறுப்பாளர்களுக்கும் ஒரு இடம் வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வெளியே இருந்து இயக்குவார்கள். வங்கி, வட்டார அலுவலகம், ஆட்சியர் குறைதீர் கூட்டம் ஆகியவற்றில் அவர்களுக்கு இருக்கும் பழக்கத்தைப் பயன்படுத்தி, புதியவரை மூன்று முறை அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். நான்காவது முறை புதியவர் தனியாகப் போக வேண்டும். அதிகாரி "பழைய அக்கா வரலையா?" என்று கேட்டால், "இப்ப நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு மனுவை நீட்ட வேண்டும்.